சாம்பல் தூவிய கீரை

"ஆ காட்டு."

பூங்கா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஆ காட்டுறியா, இல்ல வெளக்குமாத்த எடுக்கட்டுமா?"

அந்த வீட்டில் பெருக்குவதற்குத் தவிர விளக்குமாற்றை எடுத்ததில்லை என்று பூங்காவுக்குத் தெரியும். இருந்தாலும் வாயைத் திறந்தாள். சிந்தாமணி குனிந்து முதலில் மோந்து பார்த்தாள். பிறகு சுண்டு விரலை உள்ளே விட்டு, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் துழாவினாள். விரல் நுனியில் மண் ஒட்டிக்கொண்டு வந்தது.

"தின்னுருக்கா பாரு! கத்திரிப் பாத்தி மண்ணு. மோந்தாலே தெரியுது. ஏண்டி, கூழு ஊத்துறேன், களி கிண்டுறேன், ஒனக்கு மண்ணுதான் ருசிக்குதா?"

பூங்கா பதில் சொல்லவில்லை. முன்பானால் ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லுவாள். கன்றுக்குட்டிக்குக் கதை சொல்லுவாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து அங்கே தெரியும் தன் முகத்தோடு சண்டை போடுவாள். இந்த மாசியிலிருந்து அந்தப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் பழைய தொட்டிலடியில் சுருண்டு கிடப்பாள். வெளிக்குப் போனால் ஆட்டுப் புழுக்கை மாதிரி நான்கு விழும், அதற்கே அழுவாள்.

சிந்தாமணி அடுப்புச் சாம்பலைத் தொட்டு மகளின் பல்லைத் தேய்த்துவிட்டாள். பல்லின் அடியில், ஈறின் ஓரத்தில், மை இழுத்த மாதிரி ஒரு கருப்பு. மண் ஏறிப்போய்விட்டது என்று நினைத்து அழுத்தித் தேய்த்தாள். பிள்ளை கத்தியது. கருப்பு போகவில்லை.

ஜெயங்கொண்டத்திலிருந்து கும்பகோணம் போகிற ரோட்டில், முந்திரிக் காடு முடிகிற இடத்தில் எங்கள் தெரு. கடைசி வீடு சிந்தாமணியுடையது. வீட்டுக்காரன் அய்யாக்கண்ணு ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பேட்டரி கடையில் வேலை செய்தான். லாரிக்கும் பஸ்ஸுக்கும் போடுகிற பேட்டரிகளில் செத்துப்போனதை உடைத்து, உள்ளேயிருக்கும் தகட்டை இரும்புச் சட்டியில் போட்டு உருக்குவார்கள். மேலே சாம்பலாக மிதக்கும் ஏட்டைக் கரண்டியால் வழித்துத் தள்ளிவிட்டு, அடியில் நிற்கும் ஈயத்தை அச்சில் ஊற்றுவார்கள். அதுதான் அவன் வேலை. பேச்சு குறைவு. சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது.

சிந்தாமணி பங்குனி, சித்திரையில் முந்திரி பொறுக்கப் போவாள். மற்ற மாதமெல்லாம் வீட்டுக் கொல்லைதான். தண்டுக்கீரை, சிறுகீரை, கத்திரி, பந்தலில் அவரை. கிணற்றில் தோண்டிக் குடத்தை விட்டு இறைத்துத்தான் தண்ணீர். தெருவில் மற்றவர்கள் யூரியா வாங்கப் பழகிவிட்டார்கள். அவள் தொடமாட்டாள்.

"சீமை ஒரம் போட்ட கீரை கொழம்புல போட்டா தண்ணியா ஓடும். எங்கொல்லையில சாணி, குப்பை, சாம்பலு. வேற எதுவும் கெடையாது" என்பாள். உண்மைதான். அவள் கீரைத்தண்டு கடித்தால் நறுக்கென்று உடையும். எங்கள் வீட்டிலும் அதுதான் குழம்பு.

சாம்பல் வந்த கதையையும் சொல்ல வேண்டும். இரண்டு மார்கழிக்கு முன்னால் கத்திரிக் கொழுந்தில் செடிப்பேன் விழுந்தது. அதற்கு எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது ஒன்றுதான். விடிகிற நேரத்தில் பனி காய்வதற்குள் இலைமேல் சாம்பலைத் தூவினால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பேன் உதிர்ந்துவிடும். ஆனால் ஒரு வீட்டு அடுப்பில் எவ்வளவு சாம்பல் விழும்? சிந்தாமணி முறத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எதிர்வீட்டுக் குஞ்சம்மாளுக்கு வாய் நீளம்.

"வந்துட்டாடி! எவ அடுப்பு எப்ப அவியும்னு பாத்துக்கிட்டே நிக்கிறா. இவளுக்குச் சாம்பலு குடுக்கவே ரெண்டு தரம் சோறாக்கணும் போலருக்கு."

சொன்னாலும் சாம்பலை அள்ளிப் போட்டுத்தான் அனுப்பினாள். அய்யாக்கண்ணு வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது. அந்த வாரம் கடையிலிருந்து வரும்போது பஸ்ஸிலிருந்து ஒரு சின்னச் சாக்கு மூட்டையை இறக்கினான். கல்யாணம் ஆன நாளிலிருந்து பூ, பொட்டலம் என்று எதுவும் வாங்கி வந்து பழக்கமில்லாதவன். மூட்டையைக் கொல்லையில் வைத்துவிட்டு, "இனிமே யாரு வூட்டு வாசல்லயும் மொறத்தத் தூக்கிட்டு நிக்காத" என்றான்.

சிந்தாமணி பிரித்துப் பார்த்தாள். வெளிர் சாம்பல் நிறம், கொஞ்சம் மஞ்சள் ஓடியிருந்தது. விபூதி மாதிரி நைசு. ஆனால் தூக்கினால் கை இறங்கியது.

"ஏங்க, சாம்பலு இம்மாங் கனமாவா இருக்கும்?"

"பஸ்ஸு பேட்டரி சாம்பலு புள்ள. பஸ்ஸு கனம் இருக்காதா?"

தோள் குலுங்கச் சிரித்தான். அவளும் சிரித்தாள். மறுநாள் பனியோடு தூவினாள். பேன் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எறும்புகூட அந்தப் பாத்திப் பக்கம் ஊரவில்லை. அதிலிருந்து அவ்வப்போது ஒரு மூட்டை வரும். தூவியது போக மீந்ததைக் குப்பைக்குழியில் கொட்டுவாள். சாணியும், கூட்டிய குப்பையும், அவன் வேலைத்துணி அலசிய தண்ணீரும் அதே குழியில்தான். மக்கினால் கறுகறுவென்று வரும். அதை வெட்டி எடுத்துப் பாத்திக்குப் போடுவாள். காற்று அடித்தால் சாம்பல் மாவு போலப் பறக்கும். பூங்கா அந்தப் பாத்தி ஓரத்திலேதான் விளையாடுவாள்.

பங்குனியில் ஊசி போட வருகிற நர்ஸம்மா பூங்காவின் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

"ரத்தமே இல்லியேம்மா. வெள்ளையா இருக்கு பாரு. கீரை குடுக்கிறியா?"

"கீரைக்கு என்னாங்க பஞ்சம்? கொல்லை நெறைய கெடக்கு."

"தினமும் குடு. கடைஞ்சு சோத்துல பெசைஞ்சு குடு."

அன்றிலிருந்து மூன்று வேளையும் கீரைதான். பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டுச் சட்டியில் மத்தால் கடைந்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, சோற்றோடு உருட்டி மகள் வாயில் வைப்பாள். "காக்காவுக்கு ஒண்ணு, கன்னுக்குட்டிக்கு ஒண்ணு, பூங்காவுக்கு ஒண்ணு." காக்கா பங்கும் கன்றுக்குட்டி பங்கும் பூங்கா வாய்க்குள்தான் போகும். சட்டியை வழித்து நக்கக் கொடுப்பாள். பிள்ளை நாளுக்கு நாள் வெளுத்தது. நடந்தால் கால் பின்னியது.

"கண்ணு பட்டுருக்குடி" என்றாள் குஞ்சம்மாள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். குஞ்சம்மாளின் மருமகள் செல்வம்மாள் அப்போது முழுகாமல் இருந்தாள். அவளுக்கும் சிந்தாமணிதான் தினம் ஒரு கட்டு கீரை, தண்டு தடித்ததாகப் பார்த்து, வாசல் வேலிக்கு மேலே நீட்டுவாள்.

முந்திரிக் காட்டில் பழ வாசனை மூக்கை அடைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மரத்தடியில் விளையாட விட்டிருந்த பூங்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அரிவாள் மாதிரி வளைந்துபோனாள். அழக்கூடச் சத்தம் வரவில்லை. சிந்தாமணி மடியில் இருந்த முந்திரிக் கொட்டையையெல்லாம் கொட்டிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். கடைக்கு ஆள் அனுப்பியதும் அய்யாக்கண்ணு வந்தான். கும்பகோணம் பஸ் ஏறி, அங்கே மாறி, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே ஒரு டாக்டரம்மா. நரை விழுந்த தலை, சின்ன உருவம்.

"ஆ காட்டு கண்ணு."

பூங்கா உடனே திறந்தாள். தினம் காட்டிப் பழகிய வாய் அல்லவா? டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு திரும்பி, "அப்பா என்ன வேலை பாக்குறாரு?" என்று கேட்டாள்.

பிள்ளை வாய்க்குள் கருப்பாக இருப்பதற்கும் அப்பன் வேலைக்கும் என்ன என்று சிந்தாமணிக்குப் புரியவில்லை.

"பேட்டரி கடையிலம்மா. தகடு உருக்குறாரு."

"கடையிலேருந்து வூட்டுக்கு எதாவது கொண்டு வருவாரா?"

"பண்டம் கிண்டம்லாம் வாங்கியார மாட்டாருங்க" என்றாள் சிந்தாமணி. புருஷனைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "சாம்பலு மட்டும் கொண்டாருவாரு. கீரைக்குத் தூவ."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்தச் சாம்பலில் இருப்பது ஈயம். அது மக்காது, காயாது, மழையில் போகாது. மண்ணில் தங்கும், கீரையில் ஏறும், இலைமேல் ஒட்டியிருக்கும். பிள்ளை உடம்புக்குள் போனால் ஈறில் கருப்புக் கோடு போடும், ரத்தத்தைக் கெடுக்கும், வயிற்றை இழுக்கும், பேச்சைக் குறைக்கும்.

"ஈயச் சொம்புலதானங்க ரசம் வெக்கிறோம்?" என்று அய்யாக்கண்ணு கேட்டான். வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு. "பாத்திரத்துக்கு ஈயம் பூசித்தானங்க சோறு திங்கிறோம்?"

"அது வெள்ளீயம் அய்யா. இது காரீயம். பாக்குறதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வயித்துக்குள்ள போனா இது வேற."

அவன் தலை கவிழ்ந்துவிட்டது.

"புள்ள பொழைக்குமாங்க?" என்றாள் சிந்தாமணி.

"நல்ல வேளை, வந்துட்டீங்க. ஊசி போடணும், கொஞ்ச நாள் இங்கியே இருக்கணும். ஆனா திரும்பிப் போயி அதே கீரை, அதே மண்ணுன்னா, நான் போடுற ஊசிக்கு அர்த்தமே இல்லை." பிறகு அவனைப் பார்த்தாள். "நீங்களும் வந்து காட்டணும். ஒங்களைத்தான் மொதல்ல பாக்கணும்."

"எனக்கென்னாங்க? கல்லாட்டம் இருக்கேன்" என்றான். காப்பி வாங்கி வருகிறேன் என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனவன், டாக்டரம்மா வார்டை விட்டுப் போன பிறகுதான் வந்தான். வாளியைக் கீழே வைக்கும்போது பாதிக் காப்பி கையில் கொட்டியது. கூட்டம் இடித்துவிட்டது என்றான்.

வைகாசியில் பூங்காவைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஊசி குத்திக் குத்தித் தொடை இறுகிப்போயிருந்தது. ஆனால் வயிற்று வலி விட்டிருந்தது. கொல்லையில் கத்திரி பூத்து நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர் விட்டு வைத்திருந்தாள். ஊதாப் பூவும் பிஞ்சுமாக, சிந்தாமணி வைத்ததிலேயே அந்த வருஷம் வந்த மாதிரி வந்ததில்லை.

"கீரைய நிறுத்திருவோம். அம்புட்டுத்தான். தெருவுல ஒண்ணும் சொல்லிக்கிட்டு இருக்காத" என்றான் அய்யாக்கண்ணு. "யாருக்கும் ஒண்ணும் ஆவல. சொன்னா நாளைக்கு ஒருத்தரும் நம்ம வாசல்ல வந்து நிக்க மாட்டாங்க."

"செல்வம்மா வயித்துல புள்ளையோட இருக்கா."

"அதான் சொல்றேன். குஞ்சம்மா வாயி ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும். அந்த வாயிக்குப் பயந்துதானே நீங்க சாம்பலு கொண்டாந்தீங்க?"

குத்திக் காட்டச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அவன் முகம் போன போக்கைப் பார்த்தாள். அருகில் போய், "எனக்குன்னு நீங்க ஆசையா கொண்டாந்தது அது ஒண்ணுதான். ஒங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்றாள். பிறகு தலையை முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள்.

ஒவ்வொரு வாசலாக நின்று சொன்னாள். எங்கள் வாசலிலும் சொன்னாள். "எங்கொல்லைக் கீரைல ஈய வெஷம் ஏறியிருக்காம். யாரும் திங்காதீங்க. வாங்கி வெச்சிருந்தா மாட்டுக்கும் போடாதீங்க. சின்னப் புள்ளைவுளக் கூட்டிட்டுப் போயி ரத்தம் பாத்துக்குங்க." முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினாள். சிலர் சரி என்றார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள்.

குஞ்சம்மாள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் குழவி நின்றது.

"எந்தக் கீரைடி? எம் மருமவளுக்கு வேலிக்கு மேல நீட்டுவியே, அதா?"

"அதுதாங்க்கா."

"நல்ல தண்டாப் பாத்துப் பாத்துக் குடுப்பியே, அதா?"

குஞ்சம்மாள் மாவுக் கையோடு எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் மருமகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போக பஸ் ஏறப் போனபோது இந்த வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சிந்தாமணி முதலில் கீரையை, பிறகு கத்திரியைப் பிடுங்க ஆரம்பித்தாள். பூவும் பிஞ்சுமாக இருக்கிற செடியை வேரோடு பிடுங்குவது சும்மா இல்லை. வேர் மண்ணை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரமாகக் குவித்தாள். பாத்தி மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வெட்டிக் கூடையில் அள்ளினாள். எங்கே கொட்டுவது? ஏரியில் கொட்டக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அடுத்தவன் காட்டில் கொட்ட மனம் வருமா? கிணற்றுக்கு எட்ட இருந்த பழைய குப்பைக்குழியையே இன்னும் ஆழமாக வெட்டி, எல்லாவற்றையும் அதில் போட்டு, மேலே களிமண்ணை மிதித்து மூடி, கருவேல முள் வைத்து அடைத்தார்கள். சாயந்தரம் வேலை முடித்து வந்து அய்யாக்கண்ணு மண்வெட்டி பிடித்தான். மண்வெட்டி அவன் கையிலிருந்து இரண்டு தரம் நழுவியது.

"வேர்வை" என்றான்.

வெட்டிய இடத்தில் சிந்தாமணி கனகாம்பரம் நட்டாள். தலையில் வைக்கிற பூ, வாயில் வைக்கிறதில்லை.

குஞ்சம்மாள் ஒரு வாரம் கழித்து வாசல் வேலி ஓரத்தில் வந்து நின்றாள். கையில் ஒரு கொத்து முருங்கைக்கீரை.

"புடி."

சிந்தாமணி கையை நீட்டவில்லை.

"புடிடின்னா! எம் மரத்துக்கு எவன் சாம்பலு தூவினான்? தைரியமா குடு புள்ளைக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "செல்வம்மாளுக்கு ரத்தம் பாத்தாங்க. லேசாத்தான் இருக்காம். பயப்பட வேண்டாம்னுட்டாங்க. நீ வந்து சொல்லலன்னா பேறுகாலம் வரைக்கும் தின்னுருப்பா அவ." மூக்கைச் சிந்தி வேலியில் துடைத்தாள். "அழுவாத. கீரை வாடுது."

ஆடிக் காற்று தொடங்கியது. பூங்கா திரும்பவும் பேச ஆரம்பித்தாள். முதலில் கன்றுக்குட்டியோடு. பிறகு கிணற்றோடு. ஈறில் இருந்த கோடு மங்கிக்கொண்டே வந்தது. அய்யாக்கண்ணு கடையிலேயே குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் வந்தான். சாக்கு மூட்டை வருவது நின்றுபோயிற்று. தஞ்சாவூர் போய்க் காட்டுங்கள் என்று சிந்தாமணி சொல்லும்போதெல்லாம், "அடுத்த வாரம்" என்பான். சட்டைப் பொத்தானை இடது கையால் போடப் பழகியிருந்தான். அதை அவள் பார்க்காதபடி திரும்பி நின்று போட்டான்.

ஒரு சாயந்தரம் அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். பூங்கா மடியில் ஏறி, அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"ஆ காட்டு."

அவன் தோள் குலுங்கியது.

"ஆ காட்டுறியா, வெளக்குமாத்த எடுக்கட்டுமா?"

திறந்தான். பூங்கா முதலில் மோந்து பார்த்தாள். பிறகு சுண்டு விரலை விட்டு, அம்மா துழாவுகிற மாதிரியே துழாவினாள். ஈறு ஓரத்தை அழுத்தித் தேய்த்தாள். விரலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தாள்.

"யம்மா! அப்பா மண்ணு தின்னுருக்கு! கருப்பா இருக்கு. தேச்சா போவ மாட்டேங்குது."

உள்ளே அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்த களித் துடுப்பு நின்றது. சிந்தாமணி சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆ காட்டுங்க."

அய்யாக்கண்ணு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

"வெளக்குமாத்த எடுக்கட்டுமா?" என்றாள்.

அவன் திறந்தான். விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். பிள்ளைக்கு மை இழுத்த மாதிரி இருந்தது. இவனுக்குக் கரியால் கோடு கிழித்த மாதிரி, கீழ்ஈறு முழுக்க ஓடியது. இத்தனை வருஷம் இவன் சிரித்தால் தோளை மட்டும் பார்த்திருக்கிறாள். வாயைப் பார்த்ததில்லை. விளக்கைக் கீழே வைத்துவிட்டு அவன் வலது கையைத் தூக்கிப் பிடித்தாள். மணிக்கட்டிலிருந்து கை வாடிய தண்டு போலத் தொங்கியது.

"எத்தினி நாளா?"

"புள்ளைக்கு மருந்து ஓடிக்கிட்டு இருக்குறப்ப, நானும் போயிப் படுத்துட்டா கூலி..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

காலையில் ஜெயங்கொண்டம் பஸ் வந்தது. அய்யாக்கண்ணு தினம் ஏறுகிற பஸ். டிரைவர் வழக்கம்போல நிறுத்தி ஹாரன் அடித்தார். ஏறுகிற ஆள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், கும்பகோணம் பஸ் நிற்கிற புளியமரத்தடியில் நின்றான். பக்கத்தில் பூங்கா. சிந்தாமணி அவன் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடித்திருந்தாள். எங்கள் தெருவில் யாரும் அப்படி நடு ரோட்டில் புருஷன் கையைப் பிடித்து நின்றதில்லை.

தண்ணீர்க் குடத்தோடு வந்த குஞ்சம்மாளால் சும்மா போக முடியவில்லை.

"ஏண்டி, என்னா இது? நேத்துக் கல்யாணம் ஆனவளாட்டம்?"

"ஆமாக்கா" என்றாள் சிந்தாமணி. கையை விடவில்லை.